மூன்று வரிகள் மாறின

எண்பதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஓர் அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. காஞ்சிபுரத்தில் ஆறு மாதம் படித்த திமிரோடு அதன் முன் உட்கார்ந்தவன் நான். வீடில்லாதவர்களுக்கு மனை கொடுக்கும் பட்டியலை ஏற்றுவது வேலை. ஆளுக்கு ஒரு வரி: வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், ஊர்.

ஒருநாள் திருத்தச் சீட்டு வந்தது. மாகறல் காலனிக்காரர் ஒருவர் பெருநகர் என்ற ஊரில் மாமனார் வீட்டோடு போய்விட்டாராம். ஊரை மாற்ற வேண்டும். வரிசை எண்ணைத் தேடச் சோம்பல். இந்தப் பெயரும் இந்தத் தகப்பன் பெயரும் இருந்தால் ஊரைப் பெருநகர் ஆக்கு என்று ஒரே கட்டளை தட்டினேன். மூன்று வரிகள் மாறியதாகத் திரை சொன்னது. வேகத்தை ரசித்தேன், மூன்றைப் பார்க்கவில்லை.

மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது அந்தக் காலனி வழக்கம். பங்காளிகளுக்குள் இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் பெயரும் ஒன்று, தகப்பன் பெயரும் ஒன்று. மாகறலிலேயே பிறந்த எனக்கு இது தெரியாததல்ல.

பட்டியல் அச்சாகி, கையெழுத்தாகி, மேலே போன பிறகு, தவறாக மாறிய இருவரில் ஒருவர் வந்தார். எங்கள் பம்ப்செட் பக்கத்தில், எங்கள் நிலத்தில், குடிசை போட்டிருந்தவர். மனை கிடைத்தால்தான் அங்கிருந்து கிளம்ப முடியும்.

"சின்னய்யா, எம்பேரு பெருநகர் லிஸ்ட்டுல கீதாமே? நான் அங்க பஸ் மாறுனதோட சரி. பெருநகர்ல போய் கேட்டா, நீ யார்ரா மாகறல்காரன்னு தொரத்துறான்."

கிளார்க்கிடம் ஓடினேன். "கையெழுத்தாயி போன பேப்பரு தம்பி. நீ வோணா மிசின்ல மாத்தி வெச்சிக்கினு பாத்துக்கினே இரு," என்று சிரித்தார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன், மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை பேசட்டும் என்று. அவர் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"நல்லதாப் போச்சி, உடு. அவன் தனி வூடு கட்டிக்கினு போய்ட்டா ராத்தண்ணி யாரு பாய்ச்சுவா, நீயா?"

அதற்குமேல் நான் யாரிடமும் போகவில்லை.

மறுநாள் வரிசை எண்ணைப் பார்த்து, மூன்றில் இரண்டு வரிகளை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒரு வரி மாறியது என்றது திரை. பிறகு இன்னொரு வரி. மிகச் சரியாக.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அவர் எங்கள் வயலில் மடை திறந்துகொண்டிருந்தார். "மாத்திட்டியா சின்னய்யா?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"மாத்திட்டேன்," என்றேன்.