குரலுக்கு உரியவர்

ஒஸ்லோவில் வயதானவர்களை அவர்களுடைய வீடுகளுக்கே சென்று பராமரிப்பது என் வேலை. நகரின் வெஸ்ட்லிப் பகுதியில் தனியாக வசித்த ஒரு பாகிஸ்தானிய அம்மாவுக்குத் தினமும் காலையில் மருந்து கொடுக்கப் போவேன். ஒருநாள் அவருடைய கைபேசியில் பழைய உருதுப் படப்பாடல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஓர் இளம் நடிகை.

"இது நான்தான்," என்றார் நோர்வேஜிய மொழியில்.

அவருடைய முகத்தில் அந்த நடிகையின் துளிச் சாயலும் இல்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டு, அன்றைய பராமரிப்புப் பதிவில் 'குழப்பம் காணப்படுகிறது' என்று எழுதினேன். அதைப் படித்த மருத்துவர் அவரை ஞாபகசக்திப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

பரிசோதனை முடிந்த பிறகு வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் கேட்டார்: "அந்த மனுசி பின்னணி பாடினவவா இருக்கலாமெல்லே? கேட்டனீரே?"

கேட்கவில்லை. சினிமாப் பாட்டோடு வளர்ந்திருந்தும் எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் கேட்டேன். முதலில் வானொலியிலும் பிறகு படங்களுக்கும் பாடியதாகச் சொன்னார். கைபேசியில் அந்தப் பாடலைப் போட்டு, அதோடு சேர்ந்து ஒரு வரி பாடினார். தளர்ந்திருந்தாலும் அதே குரல். மன்னிப்புக் கேட்டேன்.

"எல்லோரும் நடிகையைத்தான் பார்ப்பார்கள், அது பழகிவிட்டது. பரிசோதனையில் இன்று என்ன கிழமை என்று கேட்டபோதுதான் அழுதுவிட்டேன்," என்றார்.

பதிவில் எழுதியதை அழிக்க முடியாது. கீழே புதிதாகச் சேர்க்கத்தான் முடியும். 'இவர் பாடகி. தவறாக விளங்கிக்கொண்டது நான்' என்று சேர்த்தேன். முதலில் எழுதியதும் அங்கேயேதான் இருக்கிறது.