ஒரு குளத்துக்கு மூன்று ஆதாரங்கள்

நெய்யாற்றின்கரைப் பக்கம் கொல்லயில் ஊரில் உள்ள ஒரு குளத்தை, பஞ்ச காலத்தில் கிறிஸ்தவ சபைக்காரர்களும் நிலக்காரக் குடும்பங்களும் சேர்ந்து வெட்டினார்கள் என்று, டீச்சரான என் தங்கை ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். மூன்றாம் இயல் முழுவதும் அந்த வரியின்மேல் நின்றது. வரிக்கு மூன்று மேற்கோள்கள். சமர்ப்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது, மூலத்தைச் சரிபார்க்கும்படி நெறியாளர் திருப்பி அனுப்பினார்.

பத்திரிகையில் பிழை பார்த்தே ஓய்வு பெற்றவன் என்பதால் துணைநூற்பட்டியல் என் பொறுப்பு. முதல் ஆதாரம் சபையின் நூற்றாண்டு மலர். அது பஞ்சாயத்து அறிக்கையைக் காட்டியது. இரண்டாவது ஆதாரமான அந்த அறிக்கை ஒரு மலையாளப் புத்தகத்தைக் காட்டியது. மூன்றாவதான அந்தப் புத்தகம் ஒரு பழைய நாளிதழ்ச் செய்தியைக் காட்டியது. எழுதியவர், 'நமது நிருபர்'. மேற்கோள் மென்பொருள் இதைக் குடும்பப் பெயராகவும் முதற்பெயராகவும் பிரித்து, 'நிருபர், ந.' என்று அகரவரிசையில் வைத்தது.

அந்த நிருபர் நான்தான்; பிழை பார்க்கப் போகும் முன் சில காலம் செய்தியும் எழுதினேன். 'என்று ஊர்மக்கள் கூறுகின்றனர்' என்று செய்தியை முடித்திருந்தேன். அந்தக் காலத்தில் ஊர்மக்கள் என்றால் பெரும்பாலும் ஒரு ஆள். செய்தியில் ஒரு பத்தி குறைந்ததால் அன்று வீட்டுக்குப் போன் செய்திருந்தேன். எடுத்தது, அப்போது நெய்யாற்றின்கரையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த தங்கை.

"அண்ணன் பேப்பர்ல போட்டதாக்கும். பின்ன எப்பிடி தப்பாவும்?" என்றாள்.

"எனக்குச் சொன்னது நீயாக்கும், மக்கா."

திரையில் இருந்த செய்தியை மறுபடி படித்தாள். பிறகு நினைவு வந்தது. பாறசாலை பஸ் குளத்தைத் தாண்டும்போது, முன் சீட்டில் இருந்தவர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டு வந்தாராம். யார் என்று தெரியாது. மென்பொருளில் நூல், கட்டுரை, நேர்காணல், வரைபடம் எல்லாவற்றுக்கும் வகை உண்டு. பஸ்ஸுக்கு இல்லை.

மறுநாள் சபையின் பழைய பதிவேடுகளைப் பார்த்தோம். பஞ்ச காலத்துப் பக்கங்களில் ஞானஸ்நானமும் கூரை பழுதுபார்த்ததும் இருந்தன. குளம் இல்லை.

அந்த வரியை அவளே நீக்கினாள். குளத்தை யார் வெட்டினார் என்பதை விட்டு, இன்று அதில் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று, ஏற்கனவே எடுத்திருந்த நேர்காணல்களிலிருந்து இயலை எட்டு நாளில் திருப்பி எழுதினாள். மேற்கோள் எண்களை மென்பொருள் ஒரு நொடியில் மாற்றிக்கொண்டது. ஆய்வேடு குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது.

சபையின் அடுத்த ஆண்டு மலரில் திருத்தம் போடும்படி சபைச் செயலாளரிடம் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெப்பிடி டீச்சர்? மூணு எடத்துல அச்சுல உண்டே."