உப்பளத்திலிருந்து காரைக்காலுக்கு: டைனமோவை அணைத்துவிட்டு ஓட்டிய பயணம்

காரைக்காலில் என் மச்சினி மகளுக்கு வளைகாப்பு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். என் மனைவி தனம் போயே ஆகவேண்டும் என்றாள். எங்கள் ஊர் உப்பளத்திலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர்தான், எனக்குப் பழகிய சாலை. ஆனால் தனத்துக்கு ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது. பஞ்சாலையில் வேலை பார்த்தவள், நுரையீரல் பாதிதான் உழைக்கிறது. மெஷினையும் என் பழைய டீசல் வேனில் ஏற்றிக்கொண்டு போய் வந்த கதை இது. பழைய டீசல் வண்டியில் லித்தியம் பேட்டரி போட்டு எண்ணெய் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், அதிலும் வீட்டில் நோயாளி இருப்பவர்கள், கடைசி வரை படித்துவிடுங்கள். எனக்கு எழுத்து வராது, எண்கள் மட்டும் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டுகிறாள். வண்டி விஷயத்தில் தப்பு இருந்தால் என்னுடையது, எழுத்துப்பிழை அவளுடையது.

முதலில் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஆல்டர்னேட்டர் என்று இப்போது சொல்கிறார்கள், எங்கள் வாயில் அது டைனமோ. இஞ்சின்தான் அதைச் சுற்றுகிறது. லைட், வைப்பர், மெஷின் என்று எவ்வளவு கரண்ட் இழுக்கிறோமோ அவ்வளவு கனமாக அது சுற்றும், அவ்வளவு டீசல் போகும். வீட்டுக் கரண்டில் பேட்டரியை நிரப்பிக்கொண்டு, டைனமோவுக்குப் போகும் சின்ன வயரில் ஒரு ஸ்விட்ச் வைத்து அணைத்துவிட்டால் இஞ்சினுக்கு அந்தச் சுமை இல்லை. பழைய ஈயப் பேட்டரி இதைத் தாங்காது. லித்தியம் தாங்கும். உழவர்கரையில் ஒரு கடையில் பொருத்தினேன். டவுனுக்குள்ளும் கடலூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்ததில் லிட்டருக்கு அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே கூடக் கிடைத்தது. பெரிய லாபம் இல்லை. ஆனால் மைலேஜ் பார்க்கும் புத்தி வந்துவிட்டால் அரை கிலோமீட்டரும் தேன்தான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சுமை குறையட்டும் என்று டைனமோவைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். என் வண்டி மாதிரிப் பல வண்டிகளில் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் வேக்கம் பம்ப் டைனமோவின் பின்பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் போனால் பிரேக் கல்லாகிவிடும்.

கடைக்காரர் கிளம்பும் முன்பே எச்சரித்தார். "மெஷின் மட்டும் ஓடுனா மூணரை மணி நேரம் வரும் பெரியவரே. எதுக்கும் சிதம்பரம் தாண்டுனதும் ஸ்விட்ச்சைப் போட்டுடுங்க."

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். தனம் முன்சீட்டில், மூக்கில் குழாய். மெஷின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கூடவே, உருண்டுவிடாமல் வளையல் பைக்குப் பக்கத்தில் சொருகிய ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், அரை மணி நேரம் தாங்கக்கூடியது. கடலூர் தாண்டும்போதே மழை. லைட் போட்டேன், வைப்பர் போட்டேன், கண்ணாடியில் பனி படிந்ததால் காற்றாடியும் போட்டேன். இதையெல்லாம் கடைக்காரர் சொன்ன மூன்றரை மணி நேரத்தில் நான் கழிக்கவில்லை.

எனக்குப் பேட்டரியைக் காதால் பார்க்கும் பழக்கம். ஈயப் பேட்டரி இறங்கினால் ஹார்ன் கம்மும், லைட் மஞ்சளாகும், வைப்பர் சோம்பும். நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் சாகும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்ன் அடித்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

"யாரு வராங்கன்னு அடிக்கிறீங்க?" என்றாள் தனம். "ஒரு நாயி கூடக் காணோம்."

"பேட்டரி பாக்குறேன்."

"பேட்டரி என்னா சொல்லுது?"

"நல்லாயிருக்கேன்னுது."

"என்னையும் ஒரு தபா கேளுங்க."

கேட்டேன். நல்லாயிருக்கேன் என்றாள். ஆனால் அவள் பேசுவதற்கு நடுவில் எத்தனை தரம் மூச்சு வாங்குகிறாள் என்பதை நான் கவனித்துக்கொண்டேதான் இருப்பேன். வீட்டிலும் அப்படித்தான்.

சிதம்பரம் தாண்டும்போது எட்டரை. வோல்ட் மீட்டர் பதிமூன்று காட்டியது. ஈயப் பேட்டரியில் பதிமூன்று என்றால் வயிறு நிறைந்த கணக்கு. ஹார்னும் கணீரென்று இருந்தது. ஸ்விட்ச் மேல் விரலை வைத்தேன். சீர்காழி வரை இப்படியே போகலாம், பாதி வழிக்கு மேல் வீட்டுக் கரண்டிலேயே போனதாகச் சொல்லலாம் என்று ஒரு ஆசை. விரலை எடுத்துவிட்டேன்.

கொள்ளிடம் பாலம் தாண்டிப் புது நான்குவழிச் சாலையில் ஏறினோம். எனக்குப் பலகை படிக்க வராது. எந்த வளைவில் எந்த மெக்கானிக், எந்த ஊரில் எந்த டீக்கடை என்று எல்லாம் தலைக்குள் வைத்து ஓட்டியவன். புதுச் சாலையில் எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயல்.

அங்கேதான் ஒரே நொடியில் எல்லாம் நின்றது. மங்கவில்லை, கம்மவில்லை. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. லைட் போனது. பின்னால் மெஷின் நீளமாக ஒரு சத்தம் போட்டது. லித்தியம் அடிமட்டம் வரும்வரை பதிமூன்றைத்தான் காட்டும், பிறகு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே கதவைச் சாத்திக்கொள்ளும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பழைய டீசல் இஞ்சின் என்பதால் வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓரம் கட்டினேன். சிலிண்டர் திருகை மூடும் பக்கமாகவே திருப்பிக்கொண்டிருந்தேன். தனமே வாங்கித் திருப்பிக் குழாயை மாற்றிக்கொண்டாள். "இஞ்சின அணைச்சிடாதீங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமலில்லை. இருந்தாலும் சொன்னாள்.

டைனமோ ஸ்விட்ச்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. டைனமோ கரண்ட் கொடுக்க ஆரம்பிப்பதற்கே முதலில் பேட்டரியிலிருந்து துளிக் கரண்ட் வேண்டும். அந்தத் துளி இல்லை. பழைய பேட்டரியைக் கடையிலேயே மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். சிலிண்டர் முள்ளைப் பார்த்தேன். இறங்கிப் போய் மழையில் துண்டை ஆட்டினேன். இரண்டு கார், ஒரு பஸ், நிற்கவில்லை. திரும்பி வந்து முள்ளைப் பார்த்தேன். மறுபடி போய் ஆட்டினேன்.

பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றிய ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்னா பெருசு, நடுரோட்டுல துண்ட ஆட்டிக்கிட்டு? போய்ச் சேரணும்னு ஆசையா?"

"லித்தியம் பேட்டரிப்பா, இறங்கிடுச்சி. ஒரு ஒயரு இருந்தா..."

"லித்தியமா? டைனமோ என்னா ஆச்சு?"

"நாந்தான் அணைச்சி வெச்சேன். டீசல் மிச்சமாவும்னு."

அவர் சிரித்தார். "மிச்சம் புடிச்சி எத்தினி ஏக்கர் வாங்குன?" என்று சொல்லிக்கொண்டே வேனுக்குள் எட்டிப் பார்த்தவர், தனத்தின் மூக்குக் குழாயைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அப்புறம் என்னோடு பேசவில்லை. வயரை எடுத்துவந்து தன் பேட்டரியிலிருந்து கொடுத்தார். டாஷ்போர்டில் டைனமோவுக்கான சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. டைனமோ முனக ஆரம்பித்தது.

"ஆயா, நாலு கிலோமீட்டர்ல பங்க் இருக்குது. அங்க பிளக் இருக்கும். என் பின்னாடியே வரச் சொல்லு இவர" என்றார்.

மெஷினை மாட்டவில்லை. காலியாகிக் கிடக்கும் லித்தியம் கிடைக்கிற கரண்டை எல்லாம் அசுரத்தனமாக இழுக்கும், அதோடு மெஷினும் சேர்ந்தால் டைனமோ வெந்துவிடும். லைட் போடாமல், அவர் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கியரிலேயே இஞ்சினை அலறவிட்டு ஓட்டினேன். வேகமாகச் சுற்றினால்தான் டைனமோவின் விசிறி அதைக் குளிர வைக்கும். அப்படியும் டைனமோ கம்பியின் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. மிச்சம் பிடித்த டீசல் எல்லாம் அந்த நாலு கிலோமீட்டரில் புகையாகப் போனது. தனம் பேசவே இல்லை. பேசாதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அவள் பேசாதது எனக்குத் தாங்கவில்லை.

பங்க் அறையில் ஆயில் டப்பாக்களுக்கு நடுவே நாற்காலி போட்டார்கள். மெஷினைச் சுவரில் மாட்டும்போது சிலிண்டர் முள் சிவப்பில் படுத்திருந்தது. குட்டியானைக்காரர் பெயர் சொல்லாமலே போய்விட்டார். வீட்டு சார்ஜரையும் கொண்டுபோயிருந்ததால் அங்கேயே இரண்டு மணி நேரம் பேட்டரியை ஏற்றினோம். தனத்தின் உதட்டு நிறம் திரும்பும்வரை நான் உட்காரவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி, "வளையல் உடையலியே?"

அங்கிருந்து டைனமோ போட்டபடியே காரைக்கால். போய்ச் சேரும்போது மதியம் ஒன்றரை மணி, பந்தியே முடியப்போகிறது. தனம் படியேற முடியாது என்று, பிள்ளைத்தாய்ச்சிப் பெண் தெருவுக்கே வந்து வேன் ஜன்னலுக்குள் இரண்டு கையையும் நீட்டினாள். தனம் வளையலை மெதுவாக ஏற்றினாள், நடுவில் நிறுத்தி நிறுத்தி.

போக நினைப்பவர்களுக்கு. பழைய ஈயப் பேட்டரி ஒன்றைத் தனியாக வண்டியில் வைத்திருங்கள். வயர் கொண்டுபோங்கள். லித்தியத்தை ஹார்னை வைத்தோ வோல்ட்டை வைத்தோ நம்பாதீர்கள். எத்தனை கரண்ட் வெளியே போனது என்று எண்ணும் மீட்டர் தனியாகக் கிடைக்கிறது, நான் இப்போது போட்டிருக்கிறேன். பாதி இறங்கியதும் டைனமோவைப் போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் எல்லாக் கணக்கும் பாதி. சிலிண்டர் ஒன்று போதாது, இரண்டு. மூச்சு மெஷின் வண்டியில் இருக்கிற நாளில் மைலேஜ் பார்க்கவே பார்க்காதீர்கள். மார்க்கெட்டுக்குப் போகும்போது பாருங்கள், நானும் அப்போது மட்டும்தான் பார்க்கிறேன்.

குழந்தை பிறந்ததும் போய்ப் பார்க்கவேண்டும் என்கிறாள் தனம். நேற்று மாலையும் கேட்டாள். சிலிண்டர் இரண்டும் நிரப்பி வாசலில் நிற்கிறது, மீட்டர் வேலை செய்கிறது, டைனமோவுக்கும் புதிதாகக் கம்பி சுற்றியாகிவிட்டது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சரி என்று மட்டும் இன்னும் எனக்குச் சொல்ல வரவில்லை.