பெரியப்பா பெயரில் ஒரு மெயில்

நான் முதன்முதலில் திறந்த மெயில் கணக்குகள் எல்லாமே ஆண்களுடையவை. எங்கள் ஊரில் வரி கட்டுகிற ஆண்கள் அத்தனை பேருக்கும் நான்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தேன். உனக்கு மட்டும் கிடையாது என்று என்னிடம் சொன்னவருக்கும் சேர்த்துத்தான்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரைக்கு வராத ஆள் இல்லை. படகு கொடுத்தவர்கள், வலை கொடுத்தவர்கள், குடம் கொடுத்தவர்கள் எல்லாம் வந்து போய் முடிந்த பின் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை கட்டிக் கம்ப்யூட்டர்களை இறக்கியது. சென்னையில் ஏதோ ஒரு கல்லூரி இன்டர்நெட் வழியாக ஆங்கிலமும் ஆபீஸ் வேலையும் சொல்லித் தரப்போகிறது என்றார்கள். நாங்கள் அந்தக் கல்லூரி மாணவர்கள் இல்லை, அதனால் ‘கெஸ்ட்’டாகத்தான் உள்ளே போக முடியும். ஆளுக்கு ஒரு மெயில் திறந்து கல்லூரிக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பிய மெயில்களுக்கு மட்டும் வகுப்பு திறக்கும்.

பாஸ் செய்தவர்களைக் கீழவாஞ்சூரில் புதிதாக வந்திருந்த துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் ஒரு கம்பெனி, ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் என்றும் நிறுவனத்து மேடம் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். நான் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அம்மா அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கோட்டுச்சேரித் தெருக்களில் மீன் விற்றாள். கழுத்து வலியில் ராத்திரி திரும்பிப் படுக்கக்கூட முடியாது அவளுக்கு. எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்தால் கூடையை இறக்கிவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

விருப்பப்பட்டவர்கள் எல்லோருக்கும் மெயில் திறந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு மேடம் காரில் ஏறிப் போனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. அன்று சாயங்காலமே கோயிலடியில் பஞ்சாயத்துக் கூடியது. படகு வந்தாலும் அரிசி வந்தாலும் எப்படிப் பிரிப்பார்களோ அப்படித்தான் மெயிலையும் பிரித்தார்கள்: தலைக்கட்டுக்கு ஒன்று. கல்யாணமாகி ஊருக்கு வரி கட்டும் ஆண் ஒரு தலைக்கட்டு. என் அப்பா சுனாமிக்கு முந்தியே கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மாவிடம் யாரும் வரி வாங்குவதில்லை. ஆக நாங்கள் ஊரில் இருந்தோம், ஊர்க் கணக்கில் இல்லை.

பஞ்சாயத்துத் தலைவர் வேறு யாருமில்லை, அப்பாவோடு கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பா. மெயில் திறக்கத் தெரிந்த ஆள் ஊரில் நான் ஒருத்திதான் என்பதால் அவரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். போனேன். ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் வந்து என் முன்னால் உட்கார்ந்தார்கள். பிறந்த தேதி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரையும் ஒரே நாளில் பிறக்க வைத்தேன். பாஸ்வேர்டுக்கு எல்லோரும் ஊர் அம்மன் பெயரையே சொன்னதில் எனக்கு வேலை மிச்சம். கடைசி ஆளும் எழுந்து போன பிறகு, எனக்கும் ஒன்று திறந்துகொள்ளட்டுமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

“ஒங்க வூட்டுல தலைக்கட்டு இல்லியே புள்ள. ஒனக்குக் குடுத்தா நாளைக்கி ஒவ்வொருத்தியும் வந்து நிப்பா” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் இன்றுவரை எனக்கு எரிகிறது.

மேடத்துக்குப் போன் செய்தேன். ஊர்க் கட்டுப்பாட்டில் நாங்கள் தலையிட முடியாதும்மா என்று அவரும் இனிமையாகவே பேசினார்.

வகுப்பு தொடங்கிய அன்று கூட்டம் தாங்கவில்லை. மேடம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் வலையில் மத்தி மீன் நன்றாகப் பட ஆரம்பித்தது. அறையில் ஒரு ஈ காக்கை இல்லை. யாருமே உள்ளே வருவதில்லையே என்று கல்லூரியிலிருந்து கேள்வி வந்து, மேடம் பெரியப்பாவைக் கடிந்துகொண்டார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“நீ எம் பேருல ஒக்காந்து படி புள்ள. பேரு யாருதா இருந்தா என்னா, படிப்பு உள்ள போறது ஒனக்குத்தானே” என்றார்.

அது சரிதானே என்று அம்மாவும் சொன்னாள். அவருடைய மெயிலில், அம்மன் பெயரைத் தட்டி, நான் கெஸ்ட்டாக உள்ளே போனேன். ஊருக்குள்ளேயே கெஸ்ட்டாக இருந்து பழகியவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. லைன் மெதுவானது. பாடம் நடத்தும் கல்லூரி சாரின் குரல் மட்டும்தான் வரும், எங்கள் பதிலைத் தட்டித்தான் அனுப்ப வேண்டும். அதனால் அவருக்கு நான் பெரியப்பாதான். கடலில் போய் வந்த களைப்போடு இந்த வயதிலும் எப்படிப் படிக்கிறார் பாருங்கள் என்று மற்ற ஊர் மாணவர்களிடம் அவர் என்னைக் காட்டி உருகுவார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. நான் ஒரு நாள் தவறாமல் போனேன், பரீட்சை எழுதினேன். எங்கள் ஊரில் பாஸ் செய்தது பெரியப்பா ஒருவர்தான்.

ஏலக்கூடத்திலேயே விழா வைத்தார்கள். அவருக்குச் சால்வை, சான்றிதழ், கைதட்டல். படிப்புக்கு வயசில்லை என்று மைக்கில் பேசினார். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசி முடித்து இறங்கும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். காறித் துப்பலாம் போல இருந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. சான்றிதழ் போனால் போகிறது, இன்டர்வியூ வந்தால் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொல்லிவிடலாம், கேள்வி கேட்டால் பதில் சொல்லப் போவது நான்தானே என்று நினைத்தேன். தினமும் போய் அவர் மெயிலைத் திறந்து பார்ப்பேன். தினமும் கூடையை இறக்கும்போது அம்மா, மெயில் வந்ததா என்று கேட்பாள்.

வந்தது. கம்பெனி பெரியப்பாவை ஐயா என்று விளித்து, மறுநாள் காலையில் அசல் சான்றிதழோடு இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தது. ஓட்டமாக ஓடிப் போய்ச் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் பெரியப்பா, நான்தான் படித்தேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“தலைவரு படிக்காம வாங்குனாருன்னு வெளியூர்க்காரன்ட்ட போயி சொல்லணுமா? ஊருக்கே கேவலம். எனக்கு எதுக்குப் புள்ள இந்த வயசுல வேல. அத அழிச்சிடு.”

அழிக்கவும் அவருக்குத் தெரியாது. நான்தான் போய் அம்மன் பெயரைத் தட்டி உள்ளே நுழைந்து, அதை இன்னொரு தரம் படித்துவிட்டு அழித்தேன். அறையைப் பூட்டிச் சாவியை அவர் வீட்டில் கொடுத்தேன். சான்றிதழைக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருந்தார்கள்.

வீட்டில் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மெயிலு வந்துச்சாடி?”

“வந்துச்சும்மா” என்றேன். “பெரியப்பாவுக்கு.”