ஒன்பதாம் எண் மேசை

வெர்னா ஹௌகனுக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்காது. மேசை எண்தான் நிற்கும். மளிகைக் கடையில் யாராவது கையசைத்தால் இவளும் அசைத்துவிட்டு, "மூணு. கணக்குப் பரீட்சை. ரெண்டு தடவ பாத்ரூம் போச்சு" என்று என் காதில் ஓதுவாள். எங்கள் கல்லூரித் தேர்வு மையத்தில் பத்தொன்பது வருடமாகத் தலைமைக் கண்காணிப்பாளர்.

நான் ஆர்லன். வடக்கு டகோட்டாவின் பனியில் முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன். வீட்டில் இருந்தால் மனைவியோடு வாய்ச்சண்டை ஓயாது என்பதால் இந்தப் பகுதிநேர வேலையில் ஒட்டிக்கொண்டேன். எந்த நாய் குரைக்கும், எது கடிக்கும் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவேன். மனிதர்களிடமும் அந்த வித்தை பலிக்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு.

மையம் என்றால் கணினி வைத்த பதினாறு மேசை, ஒரு கண்ணாடிச் சுவர். இந்தப் பக்கம் நாங்கள் இருவர். உள்ளே உள்ள ஒலிவாங்கியில் விழும் சத்தமெல்லாம் எங்கள் மேசை மேல் இருக்கும் சின்னப் பெட்டியில் கேட்கும். இருமல், பெருமூச்சு, பென்சில் கீறல். அதோடு ஒன்பதாம் மேசையின் சத்தம். அதற்கு ஒரு கால் குட்டை. கை வைத்தால் டொக், எடுத்தால் டொக். பழுது பார்க்கிறவன் இரண்டு முறை வந்தும் வெர்னா, "அது கெடக்கட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டால் காபியை உறிஞ்சுவாள். எனக்கு அது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

ஜனவரியில் ஒரு காலை, செவிலியர் படிப்பின் நுழைவுத் தேர்வுக்கு ட்ரினா பெல்கார்ட் வந்தாள். வயது முப்பத்து நான்கு இருக்கும். முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. பனி ஒட்டிய பூட்ஸ், சிவந்த கண்கள், பை வைக்கும் அலமாரியின் பூட்டுக்குள் சாவி போகாமல் நடுங்கும் விரல்கள்.

"இது மூணாவது தடவ மேடம். இதுவும் போச்சுன்னா அடுத்த வருஷந்தான் விடுவாங்க. சீட்டுக்கு வெள்ளிக்கிழமையோட கடைசி" என்றாள்.

"அதெல்லாம் நல்லா எழுதுவ கண்ணு. பாக்கெட்ட வெளிய இழு. கைய மடிச்சு விடு. கண்ணாடியக் குடு" என்ற வெர்னா, அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒன்பதுல உக்காரு" என்றாள். ஏழு மேசைகள் காலியாகத்தான் இருந்தன.

ரஃப் எழுத எண் போட்ட இரண்டு இளஞ்சிவப்புத் தாள்களைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு போனால் இரண்டு திரும்ப வரவேண்டும். எழுதினாலும் சரி, வெறுந்தாளானாலும் சரி. வராவிட்டால் கேள்வியை வெளியே கடத்தியதாகக் கணக்கு, தேர்வு செல்லாது.

அரை மணி கழித்து வெர்னா பெட்டியில் காதை வைத்தாள். "ஒன்பது சத்தத்தையே காணோமே ஆர்லன்."

"நிம்மதியா இருக்கு. விடு" என்றேன்.

இரண்டரை மணி நேரம் கழித்து ட்ரினா வெளியே வந்தாள். அதற்குள் எங்கள் அச்சுப்பொறி அவள் மதிப்பெண்ணைத் துப்பியிருந்தது. தேறிவிட்டாள், நல்ல மதிப்பெண். அவள் நீட்டியது ஒரே ஒரு தாள்.

"இன்னொண்ணு?" என்றேன்.

"ஒண்ணுதான குடுத்தீங்க?"

அவள் போட்ட கையெழுத்தைக் காட்டினேன். முகம் வெளுத்துப்போனது. பாக்கெட்டை இழுத்துக் காட்டினாள், காலுறையைக்கூடக் கழற்றிவிட்டாள். "சத்தியமா எனக்குத் தெரியல சார்." வெர்னா கேமராப் பதிவை ஓட்டினாள். பத்து ஏழுக்கு ட்ரினா குனிகிறாள். இரண்டு கையும் மேசைக்குக் கீழே. முழுதாகப் பதினோரு விநாடி.

கடிக்கிற நாய் இதுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். "திருடிக்கு அழுக சொல்லியா தரணும்?" என்று வெர்னாவிடம் முணுமுணுத்தேன். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெர்னா எழுந்தாள். உள்ளே போனாள். ஒன்பதாம் மேசையில் உட்கார்ந்து முழங்கையை ஊன்றினாள். சத்தமில்லை. அமுக்கினாள். மேசை அசையவில்லை. மண்டியிட்டு, குட்டைக் காலுக்கு அடியிலிருந்து எட்டாக மடித்த ஓர் இளஞ்சிவப்புத் தாளை உருவினாள். பிரித்தால் வெறுந்தாள்.

"ஐயோ, நானா வெச்சேன்?" என்று ட்ரினா வாயில் கைவைத்தாள். பிறகுதான் அவளுக்கே பிடிபட்டது. "எங்க இல்லத்துல எல்லா மேசையும் ஆடும் மேடம். சூப்பு கொட்டிச்சுன்னா பெரியவங்களுக்குக் கை வெந்துரும். போற போக்குல எதையாவது மடிச்சு சொருகிட்டே இருப்போம். கை அதுபாட்டுக்குச் செஞ்சிருக்கு."

சிரித்திருக்க வேண்டிய இடம். ஆனால் தாள் குறைந்ததுமே, ஒன்று காணவில்லை என்று கணினியில் நான் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். இனி தேர்வு நடத்துகிறவர்களுக்கு அறிக்கை போயே ஆகவேண்டும். யார் பிழை என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள்: மாணவர், கருவி, கண்காணிப்பாளர். மாணவர் என்றால் ட்ரினாவின் மதிப்பெண் குப்பைக்கு. கருவி என்றால், பழுது முன்பே தெரியுமா என்று அடுத்த கேள்வி; தெரியும் என்றால் அதுவும் கண்காணிப்பாளர் தலையில்தான் விழும்.

"தெரியாதுன்னு போடு. யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

"பொய் எழுத மாட்டேன்" என்று வெர்னா மூன்றாவது கட்டத்தில் குறியிட்டுக் கீழே தன் பெயரை எழுதினாள். இரண்டு மாதத்துக்குத் தேர்வு அறைப் பக்கமே போகக்கூடாது என்று அந்தக் குறிக்கு அர்த்தம். தலைமைப் பதவியும் கேள்விதான். இருவருக்கும் அது தெரியும்.

வியாழன் மாலை மதிப்பெண் செல்லும் என்று பதில் வந்தது. ட்ரினா ஓடிவந்தாள். வெர்னா தன் குவளையையும் செருப்பையும் ஓர் அட்டைப் பெட்டியில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காக ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க?"

"உனக்காக இல்லடி. உன்ன அங்க உக்கார வெச்சதே நான்தான்." எனக்கு இத்தனை நாள் சொல்லாததை அவளிடம் சொன்னாள். "பயந்து நடுங்குறவங்கள ஒன்பதுலதான் உக்கார வைப்பேன். உள்ள யாரும் பேசக்கூடாது, நானும் என்னன்னு கேக்கக்கூடாது. மேசை டொக்கு டொக்குன்னா புரிஞ்சுக்குவேன். வெளிய கூப்பிட்டுத் தண்ணி குடுத்து அனுப்புவேன். பத்தொன்பது வருஷமா எத்தன பேரு. நீ வந்து நின்ன பாரு, அப்படியே நடுங்கிட்டு இருந்த."

ட்ரினா தயங்கினாள். "பயமெல்லாம் இல்ல மேடம். இந்தத் தடவ நல்லாப் படிச்சிருந்தேன். நைட் டியூட்டி முடிச்சு நேரா வந்தேனா, பட்டினி. அதான் கை நடுங்குச்சு. வேற மேசை குடுத்தா தேவலைன்னு இருந்துச்சு. கேக்கலாமான்னு தெரியல."

வெர்னா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். அவளை இறுகக் கட்டி அணைத்து அனுப்பிவைத்தாள். பிறகு அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"ஆர்லன்" என்றாள். "எழுதி முடிச்சு வெளிய வர்றாங்கள்ல, அந்த மேசை ஒத்துவந்துச்சான்னு அப்பக் கேக்கலாமே. அதுக்கு ஒரு சட்டமும் தடையில்லையே. நான் ஒருத்தரக்கூடக் கேட்டதில்லையே."