கோலத்தில் பதிந்த ஈரக் கால்

மறைமலைநகரில் எங்கள் தெருவில் இப்போது யாரும் வாசலில் கோலம் போடுவதில்லை. கிரில் கேட்டுக்கு உள்ளே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கைக்குட்டை அகலத்துக்கு ஒன்றைப் போட்டுவிட்டுப் பூட்டிக்கொள்கிறோம். சிலர் ஸ்டிக்கரே ஒட்டிவிட்டார்கள். சமீபத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வந்த போலீஸ் அதிகாரி, இந்தப் பக்கம் செயின் பறிப்பு நன்றாகக் குறைந்துவிட்டது என்று பாராட்டினார். பறிக்க வெளியே கழுத்து இருந்தால்தானே என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. கூட்டத்தில் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றை வாங்கிக் கடித்தேன்.

முதலில் போனது என் தாலிச் சங்கிலி. பொழுது அப்போதுதான் வெளுத்திருந்தது. குனிந்து கடைசி இழையை இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வண்டிச் சத்தம். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க யாரோ போகிறார்கள் என்று ஒதுங்கக்கூட இல்லை. கழுத்தில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான், கோலத்தின் மேலேயே குப்புற விழுந்தேன். கண்ணெல்லாம் கோலமாவு. என் கத்தல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. யாரோ என்னைத் தாண்டி ஓடுகிற காலடிச் சத்தமும் கேட்டது.

ஓடியவன் எதிர்வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தவன். புதுப்பட்டினத்துக்காரன், இங்கே கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ஊருக்குப் போய் வந்தால் எங்களுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டு வருவான். கீழே குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் லுங்கியோடு ஓடியிருக்கிறான். வண்டி வளைந்து மெயின் ரோட்டுக்குப் போவதற்குள் மறித்துவிடலாம் என்று காலி மனை வழியாகக் குறுக்கே போயிருக்கிறான். திரும்பி வந்தபோது உள்ளங்காலில் முள். விட்டுவிட்டேன் அக்கா என்று மூச்சிரைக்கச் சொன்னான். என் கணவருக்கு அதுவரை கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, சங்கச் செயலாளரின் மனைவி, வாளித் தண்ணீரோடு வந்தார். நல்ல மனுஷி. என்னைப் படியில் உட்கார வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். நான் விழுந்த இடத்தை ஒட்டி, கோலத்தின் ஓரத்தில் டயர் தடம் நீளமாக இழுத்திருந்தது. குழாயடிப் பக்கத்திலிருந்து வந்த ஈரக் கால்கள் அந்தத் தடத்தின் மேலேயே மிதித்துக்கொண்டு போயிருந்தன. மாவில் விரல் விரலாகத் தெரிந்தது.

"எவனோ ஈரக் காலோட மிதிச்சிகினு ஓடிக்கிறான் பாரு, வண்டித் தடத்து மேலயே," என்றார். "தாலி போன வாசலு, இப்டி வுடக் கூடாது."

கலைந்த கோலத்தை அப்படியே விடுவது ஆகாது. எந்த ஊர்ப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். கழுவித் தள்ளி, நாலு புள்ளி வைத்துப் புதுக் கோலம் போட்டார். உள்ளே என் கணவர் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டி என் கழுத்தில் முடிந்துகொண்டிருந்தார். போலீஸ் வந்தபோது வாசல் பளிச்சென்று இருந்தது.

தெருவில் இருந்த ஒரே கேமரா காலி மனையைப் பார்த்து இருந்தது. அதில் வண்டி விழவில்லை. லுங்கியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவது மட்டும் விழுந்திருந்தது. அன்று மாலைக்குள் தெரு வாட்ஸப் குழுவில் கதை தயாராகிவிட்டது. ஒருவன் வண்டியில் காத்திருந்தானாம், இன்னொருவன் நடந்து வந்து அறுத்தானாம், அறுத்தவன் இவன்தானாம். அவன் முகத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, அடுத்த தெருவுக்கும் அனுப்பினார்கள். போலீஸ் கூட்டிப்போய் விசாரித்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பியது. போலீஸ் விட்டதைத் தெரு விடவில்லை. காண்ட்ராக்டர் அவனைக் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டாம் என்றார். எதிர்வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார்.

சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். எனக்குக் கோபம் வந்தால் தமிழ் தடுமாறும், அன்று தடுமாறவில்லை. நகையைத் தொலைத்தவள் நான், அவன் எனக்காக ஓடியவன் என்றேன். வண்டி போன பிறகுதான் அவன் வந்தான், டயர் தடத்தின் மேல் அவன் ஈரக் கால் இருந்தது என்றேன். ஆண்கள் சிரித்தார்கள். செயலாளர் மட்டும் சிரிக்காமல், அந்தக் காலடி எங்கே மேடம், காட்டுங்கள் என்றார்.

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அக்கா ஒருமுறை கணவரைப் பார்த்தார், பிறகு மடியில் இருந்த கையைப் பார்த்தார்.

"நா எதையும் கவனிக்கல," என்றார்.

அவன் போன அன்று பை, பாய், ஒரு பிளாஸ்டிக் குடம், அவ்வளவுதான் குட்டியானை வண்டியில் ஏறியது. நான் போய் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அவன்தான் பேசினான்.

"நீங்க கத்தனப்போ பல்லு வெளக்கிகினு இருந்தேங்க்கா. பேசாம வெளக்கிகினே இருந்திருக்கணும்."

மழைக்காலம் முடிந்தபின் ஒரு காலையில் மறுபடியும் அலறல். இந்த முறை பக்கத்து வீட்டு அக்கா. நான் உள்ளே பூட்டியிருந்த கிரில் கேட்டுக்குச் சாவி தேடி எடுத்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தரையில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். தெருவில் வேறு ஆள் இல்லை.

அதற்குள் தெருவுக்கு நாலு பக்கமும் கேமரா வைத்திருந்தார்கள், எல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. செயலாளர் வீட்டு வரவேற்பறையில் சங்கத்தார் எல்லோருமாகப் பார்த்தோம். வண்டி வருகிறது. அக்கா விழுகிறார். வண்டி போகிறது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகி, மறுபடி மூடுகிறது. கடைசியில் சாவியும் கையுமாக நான் வருகிறேன். அதுவரை ஒரு வீட்டிலிருந்தும் யாரும் இறங்கவில்லை. ஏன் ஒருத்தர்கூட ஓடவில்லை என்று, அன்று காலை வாக்கிங் போயிருந்த செயலாளர் கேட்டார். குரல் உடைந்திருந்தது.

அக்காதான் பதில் சொன்னார். கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

"ஓடனவன வெரட்டிட்டு இன்னா கேள்வி கேக்கற நீ?" என்றார் கணவரைப் பார்த்து. "அவன் காலு தடத்து மேலதான் இருந்துச்சு. நான்தான் கழுவனேன். நான்தான் பாக்கலன்னும் சொன்னேன்."

பிறகு அவனைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், இப்போதே வேண்டும் என்றார். செயலாளர் தன் போனை எடுத்தார், மற்றவர்களும் எடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரரும் தேடிப் பார்த்தார், அவன் போன அன்றே நம்பரை அழித்துவிட்டாராம். நானும் தேடினேன், எதிர்வீட்டில் இருப்பவனுக்கு எதற்கு நம்பர் என்று நானும் வாங்கி வைத்திருக்கவில்லை. சிவப்பு வட்டம் போட்ட அவன் முகம் மட்டும் எல்லோர் போனிலும் அப்படியே இருந்தது.