பல்லக்கா கட்டிய மலை

பல் ஆஸ்பத்திரியின் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. உள்ளே மெழுகு வாசனை, பிளாஸ்டர் பொடி, ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு. அங்கே உட்கார்ந்து பொய்ப்பல் செட் செய்கிறவரை ஊரே பல்லக்கா என்றுதான் கூப்பிடும். பார்த்தால் பரம சாது, தொழிலில் மட்டும் ஒற்றைக்காலில் நிற்பார். எல்லாப் பல்லையும் ஒரே வெள்ளையாக, ஒரே உயரமாக வைக்கவே மாட்டார். ஒரு பல்லை மயிரிழை திருப்புவார், இன்னொன்றின் முனையைத் தேய்ப்பார்.

"ஏம்மா, வரிசையா வெச்சாதான் என்ன?" என்று டாக்டர் கேட்டால், "வரிசையா வெச்சா செட்டுதான் சார் தெரியும், ஆள் தெரிய மாட்டாங்க" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் பல்லக்காவுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. ஒன்றரை மாதம் கட்டிலோடு கட்டில். அப்போதுதான் நாத்தனார் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து, சதுர சதுர பிளாக்குகளை அடுக்கி ஓர் உலகத்தையே கட்டுகிற அந்த வீடியோ கேமைப் போட்டுக் கொடுத்தார். "அண்ணி, பொழுது போகலேன்னா இதுல ஒரு வீடு கட்டுங்க."

பல்லக்கா எங்கே வீடு கட்டினார்? அந்த விளையாட்டில் மற்றவர்கள் கட்டிய மலைகளைப் போய்ப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். ஒன்று கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருந்தது, இன்னொன்று படிக்கட்டு மாதிரி. ஒரே சாம்பல் நிறம், ஒரே சரிவு. மரங்களோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கை இடைவெளி விட்டு நின்றன. கால் கட்டைப் பிரிப்பதற்குள் பல்லக்கா மலைப் பைத்தியமாகிவிட்டார்.

பொய்ப்பல்லில் பொய் தெரிகிற இடம் பல் அல்ல, ஈறு. பல் ஈறில் இறங்குகிற இடத்தைச் சரியாகச் செய்யாவிட்டால் மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். மலைக்கும் அதேதான் என்று இவர் ஒருவருக்குத்தான் தோன்றியது. எல்லோரும் உச்சியிலிருந்து ஆரம்பிப்பார்கள், இவர் அடிவாரத்திலிருந்து ஆரம்பித்தார். மலை தரையைத் தொடுகிற இடத்தில் உருண்டு வந்த கற்களைச் சிதறவிட்டார். மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று யோசித்து அங்கே ஒரு பள்ளம் தோண்டினார், பள்ளம் முடிகிற இடத்தில் மண்ணைக் குவித்து, அந்த மண்ணில் மட்டும் மரம் வைத்தார். ஆறு வளைகிற இடத்தில் வெளிக்கரையைச் செங்குத்தாக அரித்து, உள்கரையில் மணலைப் படியவிட்டார். பாசி வெயில் படாத பக்கம் மட்டும்.

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற அவருடைய வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "உன் ஆறு சிக்னல் போடாம திரும்புதே!" என்பார். சிரித்தாலும், இவர் அன்று சாயங்காலமே அந்த வளைவை இன்னும் அகலமாக்கிவிடுவார்.

இந்த விளையாட்டில் வேறு ஊரிலிருக்கிற ஒருவர் பழக்கமானார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், கோட்டை கட்டுவதில் சூரர். ஒரு போட்டி வந்தது. வெறும் சமதரையில் தொடங்கி ஒவ்வொரு பிளாக்கையும் கையாலேயே வைக்க வேண்டும், கணினியே உண்டாக்கித் தரும் மலையை எடுத்து ஒட்டக் கூடாது. "நான் கோட்டை, நீங்க மலை. என்னக்கா சொல்றீங்க?" என்றார் லிஃப்ட்காரர். நான்கு மாதம் இருவரும் பாடுபட்டு அனுப்பிவைத்தார்கள்.

ஒரு வாரத்தில் போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து பதில் வந்தது. கோட்டை பிரமாதம். ஆனால் மலை மனிதர் கட்டியதாகத் தெரியவில்லை, எடுத்து ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் இருவரும் போட்டியிலிருந்து நீக்கம்.

அதைக்கூடப் பல்லக்கா தாங்கிக்கொண்டார். லிஃப்ட்காரரே போன் செய்து, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. எங்கேருந்தாவது எடுத்தீங்களா? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றாரே, அதுதான் சுருக்கென்று தைத்தது. நான்கு மாதம் கூடவே இருந்து பார்த்த மனிதர். நன்றாகச் செய்ததற்கே திருட்டுப் பட்டம் கட்டினால் மனுஷி எங்கே போய் முட்டிக்கொள்வது? அன்று இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"நான் வந்து சாட்சி சொல்றேன்," என்றார் வீட்டுக்காரர். "நாலு மாசமா இந்த வீட்டுல சமையல் யாரு? நான்தானே!"

"நீங்க சும்மா இருங்க. நானே பேசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நடுவர் விளையாட்டுக்குள் வந்தார். குரலில் கொஞ்சம்கூட ஈரமில்லை. பல்லக்கா சுற்றி வளைக்கவில்லை. "சார், மலையில உங்களுக்குப் பிடிச்ச இடத்த இடிச்சுப் போடுங்க. உங்க கண்ணு முன்னாடியே கட்டித் தரேன்."

நடுவர் அடிவாரத்திலேயே வெடி வைத்தார். முப்பது பிளாக் அகலத்துக்கு மலை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பல்லக்கா மவுஸைப் பிடித்து ஒவ்வொரு பிளாக்காக வைக்க ஆரம்பித்தார்.

"அந்தக் கல்ல ஏன் அங்க வெச்சீங்க?"

"மேல அந்த விரிசல் இருக்கு பாருங்க. அங்கேருந்து பேர்ந்தா இங்கதான் வந்து விழும்."

"சரி, இந்த மண்ணு?"

"தண்ணி இந்தக் கல்லுல மோதி வேகம் குறையும் சார். கொண்டுவந்த மண்ண இங்கேயே போட்டுட்டுப் போயிடும்."

அப்புறம் கேள்வி வரவில்லை. இரண்டு மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் மனிதர். கட்டி முடிந்ததும் இன்னொரு நடுவரைக் கூட்டிவந்து, எங்கே இடிந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அவர் மலையை மூன்று சுற்று சுற்றிவிட்டு, வேறு எங்கோ ஒரு பாறையைக் காட்டினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றார் முதல் நடுவர். இப்போது குரல் குழைந்திருந்தது.

அடுத்த வாரம் முதல் பரிசு அவர்களுக்கே வந்தது. அறிவிப்பில் லிஃப்ட்காரரின் பெயரைப் போட்டு, 'இயற்கையான மலைமேல் கம்பீரமாக எழுந்த கோட்டை' என்று எழுதியிருந்தார்கள். பல்லக்காவைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. வீட்டுக்காரர் தாம்தூம் என்று குதித்தார். லிஃப்ட்காரர் போனில் அழாத குறை.

"அக்கா, உங்கள சந்தேகப்பட்டதே பாவம். இதுல இது வேற. நீங்க பெருந்தன்மையா விட்டுடுவீங்கன்னு தெரியும், ஆனா எனக்கு மனசு கேக்கல."

"யாரு விடப்போறா?" என்றார் பல்லக்கா. "நான் செஞ்ச பல்லப் போட்டுச் சிரிக்கிறவங்க எல்லாம் டாக்டருக்குத்தான் நன்றி சொல்றாங்க. அது சம்பளத்துக்குச் செய்யற வேலை, பரவாயில்ல. இத ஆசைக்குச் செஞ்சேன் தம்பி. என் பேரப் போடச் சொல்லுங்க."

"இப்பவே எழுதறேன்கா" என்றார் லிஃப்ட்காரர்.

மறுநாள் மத்தியானம் அறிவிப்பு திருத்தப்பட்டிருந்தது. 'மலை: பல்லக்கா. ஒவ்வொரு கல்லும் கையால் வைத்தது.' மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து போனில் அதைப் படித்தார். கண் கலங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மேலே டாக்டரிடம் காட்டப் போனார்.